பெயர் திரும்பியது, நிலம் திரும்பவில்லை: மெக்ரெகரும் குடும்பனும்

எங்கள் நாச்சியாபுரம் பக்கத்துத் தம்பி ஒருவர் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தார். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். 'சர்நேம்' என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியவில்லை.

"அண்ணே, நமக்குத்தான் இது கிடையாதே. என்ன போட?"

"அப்பா பேரைப் போடுப்பா. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

பக்கத்தில் இருந்த அவருடைய அப்பத்தா சும்மா இருக்கவில்லை. "ஏன் இல்ல? ஒங்க தாத்தா பத்திரத்துல 'குடும்பன்'னு இருக்கே, அதைப் போட வேண்டியதுதானே" என்றார். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் கைப்பேசியின் முகப்பில் கானர் மெக்ரெகர் என்ற அயர்லாந்துச் சண்டை வீரரின் படம். அதைக் காட்டி, "இவனுக்குப் பேரு கெத்தா இருக்கு. நம்ம பேரைச் சொன்னா ஊருக்கே சாதி தெரிஞ்சுரும். இதுதான் வித்தியாசம் அண்ணே" என்றார்.

அவர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை. அவர் பொறாமைப்பட்ட அந்த 'மெக்ரெகர்' என்ற பெயரை வைத்திருந்தாலே ஒரு காலத்தில் மரண தண்டனை. நம்மில் பலர் சொல்லக் கூச்சப்படும் 'குடும்பன்' ஒரு காலத்தில் கண்மாய்த் தண்ணீருக்குப் பொறுப்பானவரின் பெயர். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பெயர் என்பது எப்படி அரசியலாகிறது என்று புரியும்.

வாள் பிடித்தவனும் காகிதம் பிடித்தவனும்

மெக்ரெகர் என்பது ஸ்காட்லாந்தின் மலைநாட்டுப் பெயர். 'மெக்' என்றால் அங்குள்ள கேலிக் மொழியில் மகன். 'கிரெகர்' என்பது கிரேக்கத்திலிருந்து வந்த கிரெகோரி என்ற பெயரின் மலைநாட்டு வடிவம், விழிப்புள்ளவன் என்று பொருள். ஆக மெக்ரெகர் என்றால் கிரெகரின் மகன், அவ்வளவுதான். நம்முடைய முன்னெழுத்து செய்கிற அதே வேலையைத்தான் முதலில் அதுவும் செய்தது.

பிறகு அது ஒரு குலத்தின் பெயரானது. குலம் என்றதும் எல்லாரும் ஒரே ரத்தம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு தலைவனின் நிலத்தில் உழுது, அவனுடைய பாதுகாப்பில் வாழ்ந்தவர்களும் அவனுடைய குலப்பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் குலத்தின் மேல்தட்டு தங்களை அரச பரம்பரை என்றே சொல்லிக்கொண்டது. அவர்களுடைய குல முழக்கமே தங்கள் இனம் அரச இனம் என்பதுதான். நம் ஊரில் ஒவ்வொரு சாதிச் சங்கத்தின் சுவரொட்டியிலும் யாராவது ஒரு மன்னன் குதிரையில் வருகிறான் அல்லவா, அதே கதைதான்.

கிளென் ஆர்க்கி, கிளென்ஸ்ட்ரே போன்ற பள்ளத்தாக்குகளில் மெக்ரெகர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். ஆனால் அந்த நிலத்துக்கு அவர்களிடம் சாசனம் இல்லை. பக்கத்தில் இருந்த கேம்பல் குலத்தவர் அரசவையில் செல்வாக்கு உள்ளவர்கள். திருமணத்தின் மூலமும் அரசனின் முத்திரை பதித்த சாசனங்கள் மூலமும் அந்தப் பள்ளத்தாக்குகள் ஒவ்வொன்றாக கேம்பல்களின் பெயருக்கு மாறின. உழுதவன் ஒருவன், காகிதம் வைத்திருந்தவன் இன்னொருவன். இதற்குமேல் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நிலம் போனவர்கள் கால்நடைக் கொள்ளையில் இறங்கினார்கள். 1603 பிப்ரவரியில் கிளென் புரூயின் என்ற இடத்தில் கல்கூன் குலத்தவரோடு நடந்த மோதலில் மெக்ரெகர்கள் எதிர்த்தரப்பில் பலரைக் கொன்றார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 3 அன்று மன்னர் ஆறாம் ஜேம்ஸின் ஆலோசனை மன்றம் தீர்ப்பு எழுதியது: மெக்ரெகர் என்ற பெயரே இனி இருக்கக் கூடாது. அந்தப் பெயருள்ளவர்கள் வேறு பெயருக்கு மாற வேண்டும், மறுத்தால் மரணம். குலத் தலைவன் அலாஸ்டர் மெக்ரெகர் 1604 ஜனவரியில் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டான்.

அதோடு நிற்கவில்லை. இறைச்சி வெட்டுவதற்கான முனை மழுங்கிய கத்தியைத் தவிர வேறு ஆயுதம் கூடாது. நாலு பேருக்கு மேல் ஒன்றுகூடக் கூடாது. ஒரு மெக்ரெகர் இன்னொரு மெக்ரெகரின் தலையைக் கொண்டுவந்தால் அவனுக்கு மன்னிப்பு உண்டு. 1633 இல் வந்த சட்டம், அந்தப் பெயரில் குழந்தைக்கு ஞானஸ்நானம் தரக் கூடாது என்று பாதிரியார்களுக்கே தடை போட்டது. தவறு செய்தவனைத் தண்டிப்பது ஒன்று. பிறக்கப்போகும் குழந்தையின் பெயரைத் தடை செய்வது வேறு. பின்னதை நாம் இங்கே நன்றாக அறிவோம்.

மெக்ரெகர்கள் உயிர் பிழைக்க முர்ரே, கிராண்ட், ஸ்டூவர்ட், டிரம்மண்ட் என்று பல பெயர்களுக்குள் ஒளிந்தார்கள். சிலர் தங்கள் நிலத்தைப் பறித்த கேம்பல்களின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். கதைகளிலும் திரைப்படங்களிலும் புகழ்பெற்ற ராப் ராய் மெக்ரெகர் (1671-1734) தன் தாயின் பெயரான கேம்பலைத்தான் வெளியில் பயன்படுத்தினார். 1661 இல் தடை நீங்கியது, 1693 இல் மீண்டும் வந்தது, 1774 இல்தான் முற்றிலும் ஒழிந்தது. 1603 இலிருந்து கணக்குப் போட்டால் 171 ஆண்டுகள்.

பெயர் திரும்பிய பிறகு

தடை நீங்கியதும் குலத்தவர் 826 பேர் கையெழுத்திட்டு ஒருவரைத் தலைவராக ஏற்றுக்கொண்டார்கள். அவர் யார் தெரியுமா? ஜான் முர்ரே என்ற மாற்றுப் பெயரில் வாழ்ந்த ஒரு மெக்ரெகர், கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் கணக்குத் தணிக்கை அதிகாரியாக இருந்து செல்வம் சேர்த்தவர். அவருடைய மகன் இவான் இந்தியாவில் கம்பெனியின் போர்களில் சண்டை போட்டார். 1822 இல் மன்னரின் அனுமதியோடு 'மெக்ரெகர்' என்ற பெயரைக் குடும்பம் முறைப்படி திரும்ப எடுத்துக்கொண்டது. பிற்பாடு அதே இவான் பார்படோஸ் உள்ளிட்ட கரீபியத் தீவுகளுக்கு ஆளுநராகப் போனார். அவருடைய ஆளுகையில்தான் அங்கிருந்த ஆப்பிரிக்க மக்கள் 1838 இல் அடிமை முறையின் கடைசி எச்சத்திலிருந்து விடுபட்டார்கள்.

இன்னொரு மெக்ரெகரையும் பாருங்கள். 1786 இல், தடை நீங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பிறந்த கிரெகர் மெக்ரெகர். மத்திய அமெரிக்கக் கடற்கரையில் 'போயாயிஸ்' என்று இல்லாத ஒரு நாட்டை உண்டாக்கி, அதன் இளவரசன் தானே என்று சொல்லி, லண்டனிலும் எடின்பரோவிலும் நிலப் பத்திரம் விற்றார். நம்பிக் கப்பலேறிய சுமார் 250 பேரில் பாதிக்கு மேல் காட்டிலும் காய்ச்சலிலும் இறந்தார்கள். காகிதம் இல்லாததால் நிலத்தை இழந்த குலத்தில் பிறந்தவர், நிலமே இல்லாமல் காகிதத்தை விற்றார்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். ஒன்று, பெயர் திரும்பியது, பள்ளத்தாக்குகள் திரும்பவில்லை. நாடாளுமன்றம் தடையை நீக்கியதே தவிர நிலத்தைத் திருப்பித் தரவில்லை. இரண்டு, ஒடுக்கப்பட்டவர்கள் என்பதாலேயே ஒருவர் நியாயவான் ஆகிவிடுவதில்லை. தன் குலத்தின் பெயர் மீண்டதும் அடுத்தவன் நாட்டை ஆளக் கிளம்பியவர்களும் அந்தப் பெயரில் உண்டு.

இன்னொரு விதமான பெயர்தாரிகளும் இருக்கிறார்கள். ஜமைக்காவில் இன்று கேம்பல் என்ற பெயர் தெருவுக்குத் தெரு உண்டு. பெரும்பாலோர் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள். ரத்த உறவால் மட்டும் வந்ததல்ல அந்தப் பெயர். தோட்ட முதலாளியின் பெயர் அடிமையின்மேல் ஒட்டியது, விடுதலைக்குப் பிறகும் நின்றுவிட்டது. ஒரே குடும்பப் பெயர் ஒருவனுக்குச் சாசனம், இன்னொருவனுக்குச் சூட்டுக்குறி.

விலாசம் உள்ள வீடும் முன்னெழுத்து இல்லாத கூலியும்

இனி நம் ஊருக்கு வருவோம். செட்டிநாட்டில் பெயர் என்பது சொத்து. நகரத்தார் தங்கள் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து வைத்திருப்பதை 'விலாசம்' என்பார்கள். அந்த விலாசத்தின் பேரில் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கடை நடந்தது, கடன் கொடுக்கப்பட்டது, உண்டியல் மாறியது. அந்த எழுத்துகளைப் பார்த்தாலே எத்தனை தலைமுறை நாணயம் என்று தெரிந்துகொள்வார்கள்.

அதே வீடுகளுக்குக் கல்லும் செங்கல்லும் சுமந்தவர்களின் பெயர் எப்படி அழைக்கப்பட்டது? ஒருமையில். அப்பன் பெயரும் கிடையாது, மரியாதை விகுதியும் கிடையாது. இது தற்செயல் இல்லை. மனு நூலின் இரண்டாம் அத்தியாயம் பிராமணனுக்கு மங்கலப் பெயர், சத்திரியனுக்கு வலிமைப் பெயர், வைசியனுக்குச் செல்வப் பெயர், சூத்திரனுக்கு இழிவான பெயர் என்று வகுத்து வைத்தது. நான்குக்கும் வெளியே தள்ளப்பட்டவனுக்கு என்ன பெயர் மிச்சம் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சேரிக்குள்ளும் பட்டங்கள் இருந்தன. 1909 இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய தொகுப்பு, மதுரைப் பகுதியில் பள்ளர் மக்களின் தலைவர் 'குடும்பன்' என்று அழைக்கப்பட்டதையும், அவருக்குத் துணையாகக் 'காலாடி' இருந்ததையும் பதிவு செய்கிறது. 'குடும்பு' என்ற சொல் அதற்கு ஆயிரம் ஆண்டு மூத்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஊரை 30 குடும்புகளாகப் பிரித்ததைச் சொல்கின்றன. குடும்பு என்றால் ஊரின் ஒரு பகுதி. அதற்குப் பொறுப்பானவர் குடும்பன் என்பது பொருளுக்குப் பொருந்தி வருகிறது. அதற்காக உத்திரமேரூரை நம் தாத்தாக்கள் ஆண்டார்கள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது பிராமணர் சபை. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவனுக்குத்தான் அங்கே குடவோலை. பாடப்புத்தகம் அதை ஜனநாயகம் என்று கொண்டாடும்போது யாருடைய பெயர் ஓலையில் எழுதப்படவில்லை என்று கேட்க வேண்டியது நாம்.

வானம் பார்த்த பூமியான சிவகங்கை, இராமநாதபுரம் சீமையில் குடும்பன் என்ற சொல்லுக்கு இன்னொரு கனம் உண்டு. இங்கே வற்றாத ஆறு கிடையாது, கண்மாய்தான் உயிர். மடையைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று முறை வைத்துப் பாய்ச்சுபவர் நீர்பாய்ச்சி. பல ஊர்களில் அவரை மடைக்குடும்பன் என்பார்கள். கண்மாய் நிறைந்து கிடக்கும்போது முங்கிப்போய் மடையைத் திறப்பதும் அவர் வேலை. காலை மாட்டிக்கொண்டு மேலே வராமல் போனவர்களின் கதை கண்மாய்க்குக் கண்மாய் உண்டு. கூலியாக அறுவடையில் ஒரு பங்கு நெல். அதற்குப் பெயர் 'சுதந்திரம்'. சொல்லைக் கவனியுங்கள். அது பிச்சை இல்லை, உரிமை. ஆனால் ஊர்த் தண்ணீரைப் பங்கிட்டவருக்கு, அந்தத் தண்ணீர் பாயும் வயலில் பெரும்பாலும் சொந்தப் பங்கு கிடையாது. சில ஊர்களில் சாவுச் செய்தி சொல்லப் போவதும் அவர் தலையில்தான் விழுந்தது. ஒரே பெயருக்குள் பொறுப்பும் இழிவும் சேர்ந்தே இருந்தன.

எட்டுத் தடை, பதினொரு தடை

1603 இல் ஸ்காட்லாந்தில் நடந்ததைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது 1930. அப்போது நம் பகுதி இராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்தது. சிவகங்கை தனி மாவட்டம் ஆனது 1985 இல்தான். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் இதை எழுதி வைத்திருக்கிறார். 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்தில் கள்ளர் சமூகத்தவர் ஆதிதிராவிடர்மேல் எட்டுத் தடைகளைப் போட்டார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்களின் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப் வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியக் களஞ்சியங்கள் அழிக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளை போயின.

மக்கள் பணியவில்லை. பணிந்திருந்தால் 1931 ஜூனில் மறுபடி கூடி எட்டைப் பதினொன்றாக்க வேண்டிய தேவையே வந்திருக்காது. இரண்டாவது பட்டியலைக் கூர்ந்து படியுங்கள். பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது, மிராசுதாரின் மாடு மேய்க்க வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பிடிக்கக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், விற்காவிட்டால் பாசனத்துக்குத் தண்ணீர் கிடையாது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை, ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. கல்யாணத்தில் மேளம் கூடாது, குதிரை ஊர்வலம் கூடாது.

முதல் பட்டியல் உடம்பைப் பற்றியது. இரண்டாவது நிலத்தையும் தண்ணீரையும் படிப்பையும் பற்றியது. சட்டை, செருப்பு, நகை எல்லாம் வெளிப்பேச்சு. உள்ளே இருந்த கணக்கு, உன் நிலத்தை என்னிடம் கொடு என்பதுதான். கண்மாய்த் தண்ணீரை ஊருக்கே முறை வைத்துப் பாய்ச்சிய குடும்பர்களின் மக்களுக்கு, உன் வயலுக்குத் தண்ணீர் கிடையாது என்றார்கள்.

அந்த 1931 பட்டியலின் முதல் தடையில் இரண்டு பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஆதிதிராவிடர், தேவேந்திரகுல வேளாளர். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

சட்டம் கொடுத்த பெயர்

பெயரை மீட்கும் போராட்டம் நம்மிடம் புதிதல்ல. 1893 இல் இரட்டைமலை சீனிவாசன் ஏசப்பட்ட பெயரையே தலைப்பாக்கிப் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1922 இல் எம். சி. ராஜாவின் முயற்சியால் அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் வந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் இன்று பெயருக்குப் பின்னால் சாதி போடுவது கூச்சமாகத் தெரிவதற்கு அது பெரிய காரணம்.

2021 இல் நாடாளுமன்றம் பட்டியல் சாதிகள் ஆணையைத் திருத்தியது. தேவேந்திரகுலத்தான், கடையன், காலாடி, குடும்பன், பள்ளன், பண்ணாடி, வாதிரியான் ஆகிய ஏழு பெயர்களும் 'தேவேந்திரகுல வேளாளர்' என்ற ஒரே பெயரின் கீழ் வந்தன (கடையர் விஷயத்தில் கடலோரப் பகுதிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு). 1931 இல் தடை போட்டவர்களே எழுதிய அந்தப் பெயரைச் சட்டம் ஒப்புக்கொள்ள 90 ஆண்டுகள் ஆயின.

ஒரு மக்கள் தங்களை எப்படி அழைக்கச் சொல்கிறார்களோ அப்படித்தான் அழைக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. 'ன்' விகுதியில் ஏசப்பட்டவர்கள் 'ர்' விகுதி கேட்பதைக் கேலி செய்ய எவனுக்கும் தகுதி இல்லை. ஆனால் தம்பிகள், தங்கைகள் இரண்டு கேள்விகளை விட்டுவிடக் கூடாது.

முதல் கேள்வி, பெயரோடு என்ன வந்தது? 1803 இல் சிவகங்கைச் சீமையை ஜமீனாக்கி சன்னது கொடுத்தபோது காகிதம் யார் கைக்குப் போனது? 1948 சட்டத்தில் ஜமீன் ஒழிந்து பட்டா வழங்கியபோது யார் பெயர் பதிவேட்டில் ஏறியது? கண்மாயின் மடை எங்கே, கலுங்கு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவருக்கு ஆயக்கட்டில் எத்தனை சென்ட் இருக்கிறது? மெக்ரெகர்களுக்கு 1774 இல் பெயர் மட்டும் திரும்பியதே, நாம் அதோடு திருப்தி அடையப் போகிறோமா?

இரண்டாம் கேள்வி, அந்தப் பெயரை வைத்துக்கொண்டு யாருக்கு மேலே ஏறி நிற்கப் போகிறோம்? பறையரைவிட நாங்கள் மேல், அருந்ததியரைவிட நாங்கள் மேல் என்று பேசுகிற குரல் நம் தெருக்களில் கேட்கிறது. தேவேந்திரர் மட்டுமல்ல, எல்லாப் பக்கத்திலும் கேட்கிறது. மெக்ரெகரின் தலைக்கு மெக்ரெகரையே அனுப்பிய அரசனை நினைத்துக்கொள்ளுங்கள். 1931 இல் தடை போட்டவன் ஆதிதிராவிடரையும் தேவேந்திரரையும் ஒரே வரியில் எழுதினான். அவனுக்குத் தெரிந்த உண்மை நமக்குத் தெரியாமல் போகலாமா? பரமக்குடியில் 1957 செப்டம்பர் 11 அன்று வெட்டிக் கொல்லப்பட்ட தியாகி இமானுவேல் சேகரனின் பெயருக்குப் பின்னால் எந்தப் பட்டமும் இல்லை. அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் இந்தச் சீமை நிமிர்ந்து பார்க்கிறது.

அந்தத் தம்பி என்ன போட்டார்?

கடைசியில் அப்பாவின் பெயரைத்தான் போட்டார். அது சரியான முடிவு. பட்டத்தை எடுத்து மாட்டிக்கொள்ளச் சொல்லி இந்தக் கட்டுரையை எழுதவில்லை. பட்டத்தைத் துறக்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் வரலாறு தெரியாமல் வெட்கப்பட்டு ஒளிப்பது துறப்பது ஆகாது. துறக்கிறவன் தெரிந்துகொண்டு துறக்க வேண்டும்.

அன்று மாலை அப்பத்தா பெட்டியிலிருந்து அந்தப் பழைய பத்திரத்தை எடுத்து வந்தார். மடிப்பில் கிழிந்திருந்தது. நாலெல்லையும் படித்தோம். கிழக்கே கண்மாய்க் கால், தெற்கே இன்னாருடைய புஞ்சை. "இந்த இடம் இப்ப யாருட்ட இருக்கு?" என்று தம்பி கேட்டார். அப்பத்தா பதில் சொல்லவில்லை, கிழக்குப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே இப்போது வேலி போட்டு இரும்புக் கதவு வைத்திருக்கிறார்கள்.

தோழர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். திறந்து பாருங்கள். பத்திரம், தீர்வை ரசீது, பழைய பட்டா எதுவானாலும் படம் எடுத்து வையுங்கள். சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் 'அ' பதிவேட்டின் நகல் கேளுங்கள். தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். அந்த இடம் எந்த ஆண்டில், எந்தக் காகிதத்தில் கை மாறியது என்று கண்டுபிடியுங்கள். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டுக் குறித்து வையுங்கள்.

தம்பி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் நாங்கள் இருவரும் வட்டாட்சியர் அலுவலகம் போகிறோம்.

ஜெய்பீம்.